உங்க கை, உங்க முழம்

தானாக ஓடுகிற வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய், ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு, தான் தள்ளித்தான் அது போகிறது என்று மனதார நம்புகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. தேரோட்டத்தில் வடத்தை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு ஊருக்கே கேட்கும்படி மூச்சு வாங்குகிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு ஐடியாக்காரர்கள் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் இவர்கள்தான்.

நம்பாவிட்டால் ஆயுத பூசைக்கு முந்தின வாரம் திருநெல்வேலிப் பேட்டைக்கு வாருங்கள். அங்கே செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு ஒரு பூக்கடை இருக்கிறது. விடியுமுன் பூ எடுக்கப் போவது, தொடுப்பது, முழம் போடுவது, வாடிக்கைக்காரர்களிடம் சிரிப்பது எல்லாம் அவர் மனைவி இசக்கியம்மா. அப்படியானால் அண்ணாச்சிக்கு என்ன வேலை? மார்க்கெட்டிங். லேத்து மிஷின் முதல் சைக்கிள் பம்பு வரைக்கும் பூக் கேட்டு நிற்கிற ஊரில், அதுவும் ஆயுத பூசைக்குப் பூ விற்க மார்க்கெட்டிங் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இசக்கியம்மாவும் கேட்டாள்.

"பூவு நம்மளக் கேட்டா விக்கி? பைய இருங்களேன், தானா விக்கும்."

"அதெல்லாம் பழைய காலம்" என்றார் அண்ணாச்சி. இந்த இனத்துக்கு வீட்டில் சொல்வது எல்லாமே பழைய காலம். செல்போனில் யாரோ ஒரு கோட்டுக்காரன் சொல்வது மட்டும்தான் புதுக்காலம். நவராத்திரிக்கு நாளொரு வண்ணப் பூ என்று அந்தக் கோட்டுக்காரன் சொன்னதைக் கேட்டு, நீலப் பூவுக்கு எங்கே போவது என்று சம்பங்கியைச் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தார். அம்மன் கழுத்து நீலமாகிவிட்டது. விஷம் குடித்தது சிவன்தானே, இவள் எப்போது குடித்தாள் என்று பூசாரி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

ஆயுத பூசைக்கு வந்தது அடுத்த ஐடியா. 'வாடிக்கையாளரின் குறை எதுவோ அதிலிருந்தே தொடங்கு' என்றான் கோட்டுக்காரன். பேட்டையின் குறை ஒன்றே ஒன்று. இசக்கியம்மாவுக்குக் கை குட்டை. அதனால் முழமும் குட்டை. அண்ணாச்சி துள்ளி எழுந்தார். மறுநாளே கடை வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ்: 'தன் கையே தனக்கு உதவி! உங்க கை, உங்க முழம்! நீங்களே அளந்து எடுத்துக்கொள்ளுங்கள்!' கும்பிட்டபடி அண்ணாச்சி படம். அது எடுப்பாகத் தெரியவேண்டும் என்று படத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கேந்திப் பூச்சரத்தையும் அவரே மாட்டினார். டவுன் பஸ்சிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், "அடடா, அண்ணாச்சி எப்பம் தவறினாவ?" என்று கேட்டார்.

பூசையன்று காலையில் இசக்கியம்மா கோயிலுக்கு மாலை கொடுக்கக் கிளம்பினாள். போகும்போது மூலையில் ஈரச்சாக்குப் போட்டு மூடியிருந்த கூடையைக் காட்டினாள்.

"இது முகம்மது மைதீன் அண்ணாச்சி பட்டறைக்கு. இருவது மிசினு. பதினோரு வருசமா ஒரு தடவகூடச் சொல்லு தவறுனதில்ல. இதுல மட்டும் கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் அண்ணாச்சி.

முதலில் வந்த சுகன்யா டீச்சர் தன் கையால் அளந்து பார்த்தார். இசக்கியம்மா முழத்தைவிடக் குறைந்தது. பூவை வைத்துவிட்டுப் போனவர், கால் மணி நேரத்தில் எதிர்வீட்டு சுடலைராஜைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறேகால் அடி உயரம், வாலிபால் ஆடுகிறவன், கையைத் தொங்கவிட்டால் முழங்காலைத் தொடும். அவன் போட்ட ஒவ்வொரு முழத்திலும் அரைச் சாண் கூடுதல். செய்தி தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்து வந்தவன் சுடலைராஜ். அதற்கடுத்தும் சுடலைராஜ். வீட்டுக்கு ஒரு பை, கூலியாக ஒரு டீ என்று தெரு முழுவதற்கும் அவனே அளந்தான். கூட்டத்தைப் பார்த்த அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டேட்டஸ் போட ஒரு கையில் போன். மறுகை தன்பாட்டில் ஈரச்சாக்கை விலக்கியது.

பத்தரைக்கு இசக்கியம்மா திரும்பினாள். கூடையைப் பார்த்தாள்.

"பட்டறைப் பூவு எங்க?"

"ஆஃபர்ல போயிட்டு" என்றார் அண்ணாச்சி. மார்க்கெட்டில் மருந்துக்கும் பூ இல்லை. பதினொன்றரைக்குப் பூசை. பதினோரு வருசச் சொல் காலிக் கூடையில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் மறுபடியும் சுடலைராஜ்.

"இன்னும் யாருக்குலே?"

"எங்க பட்டறைக்கு அண்ணாச்சி. மைதீன் மொதலாளி பூவு வாங்கிட்டு வரச் சொன்னாவ."

அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. தான் ஓட்டுகிற மிஷினுக்குரிய பூவைத் தானே அளந்து தெருவுக்குக் கொடுத்திருக்கிறான்.

இசக்கியம்மா கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஏலே நெட்டையா, எங்கெங்க குடுத்தியோ அங்கன எல்லாம் கூட்டிட்டுப் போ." வீடுவீடாக ஏறினாள். நல்லவேளை, பூசை தொடங்கவில்லை. பூ இன்னும் பைக்குள்தான் இருந்தது. "எங் கைக்கு மொழம் போட்டுத் தாரேன். மிஞ்சுனத மட்டும் குடுங்க. பட்டறைக்குச் சொன்ன சொல்லு" என்றாள். யாரும் மறுக்கவில்லை. சுகன்யா டீச்சர் தலைகுனிந்தபடி தன் பங்கிலிருந்தும் ஒரு முழம் சேர்த்துக் கொடுத்தார். துண்டு துண்டாய் வந்ததை நடந்துகொண்டே முடிந்தாள். பத்தொன்பது மிஷினுக்குச் சரம் தேறியது. பாக்கி ஒன்று, சுடலைராஜின் மிஷின்.

கடை வாசலில் நின்று ஃபிளெக்சை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அண்ணாச்சியைச் சுற்றியிருந்த சரத்தைக் கழற்றிச் சுடலைராஜ் கையில் கொடுத்தாள்.

"அத்தே, இது படத்துல கெடந்த பூவுல்லா?"

"ஆளு உசுரோடதானலே இருக்காவ. தோசமில்ல, கட்டு."

பதினொன்றரைக்கு இருபது மிஷினும் பூவோடு நின்றன. முகம்மது மைதீன் வழக்கம்போல் பொரியும் கடலையும் கொடுத்தனுப்பி, "தீபாவளிக்கும் ஒங்க கடைதான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? சாயங்காலம் பொரியை மென்றுகொண்டே மொட்டை ஃபிளெக்ஸ் முன்னால் நின்று போனில் பேசினார்: "ஆமாவே, தீபாவளி ஆர்டரும் விழுந்துட்டு. வீடு தேடிப் போயி பூவச் சரிபார்த்துக் குடுக்கோம்லா, எல்லாம் நம்ம ஐடியாதான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுத் தீபாவளி போன வருசம் நல்லபடியாக நடந்ததே, அது யாரால் என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே யாராவது இடுப்பில் கத்தரிக்கோலைச் செருகிக்கொண்டிருக்கலாம்.