என் ஜப்திக்கு நானே போட்ட பூட்டு

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே.

இன்று காலை பதினொன்றேகாலுக்கு உறுதியான செய்தி: நம் அச்சகக்காரர் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டது. ஆதாரம், எழுத்தர் கையில் கொடுத்த உத்தரவு நகல். மனு போட்டவன் நான். யோசனை சொன்னவன் நீ.

நாற்பது வருஷம் நிருபராக இருந்து நீதிமன்ற பெஞ்சைத் தேய்த்தவன் நான். உன் அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு வைத்திருந்த மூன்று லட்சத்தை அந்த ஆளுக்குக் கடன் கொடுத்து, அது வராமல் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அவருடைய டெலிவரி வேனை ஜப்தி செய்யவும் உத்தரவு வாங்கியிருந்தேன். ஜப்தியை நிறைவேற்றும் கோர்ட் அமீனா கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் உன் போன் வந்தது. "அந்த ஓட்டை வேனை வச்சு என்ன பண்ணுவீங்க அத்தான்? திவால் மனு போடுங்க. மானத்துக்குப் பயந்து பணத்தோட வந்து நிப்பான்" என்றாய். அமீனாவைப் பொறுக்கச் சொல்லிவிட்டு மனு போட்டேன்.

இன்று உத்தரவோடு அமீனாவிடம் ஓடினேன். "திவால் ஆயிட்டா தனி ஜப்தி கிடையாது சார். சொத்தெல்லாம் கோர்ட் நியமிச்ச ரிசீவர் கைக்குப் போயிடும், அவர்தான் வித்துப் பங்கு போடுவார். உங்க ஜப்திக்கு நீங்களே பூட்டுப் போட்டுட்டீங்க" என்றார். ரிசீவரிடம் போனால், அடமானம் வாங்கிய வங்கி முன்னால் நிற்கிறது, அதன் பின்னால் தொழிலாளர் சம்பளம், அதற்கும் பின்னால் என்னைப் போல் பதினேழு பேர். "எனக்கு என்ன தேறும்?" என்றேன். கால்குலேட்டரைத் தட்டி, "நூத்துக்கு நாலு வரலாம். வராமலும் போகலாம்" என்றார். வராந்தாவில் அச்சகக்காரர், பத்து வயது குறைந்த முகத்தோடு, என் கையைப் பிடித்துக்கொண்டார்: "ரொம்ப நன்றிண்ணே! திவால் மனுவை நானே போடலாம்னுதான் இருந்தேன், வக்கீலுக்குக் குடுக்கக் காசில்ல. நீங்க செலவு பண்ணிட்டீங்க."

உன் அக்காவிடம் சொன்னேன். "அந்த வேன் இருந்தா அதுல ஏறியாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

கடன்காரர்களின் முதல் கூட்டம் இருபத்தெட்டாம் தேதி, காலை பத்தரைக்கு. உனக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் வழக்கம்போல் ஒரு விவரத்தைச் சரிபார்த்தேன். வேன் இப்போது உன் பெயரில் இருக்கிறது. பெயர் மாறியது, நீ எனக்கு போன் செய்த மறுநாள். ஆதாரம், வாகனப் பதிவு அலுவலகம். திவாலுக்குச் சற்று முன் அடிமாட்டு விலைக்குக் கைமாறியதைத் திரும்பப் பிடிக்க ரிசீவருக்கு அதிகாரம் உண்டாம். உன் முகவரி கேட்டார், கொடுத்தேன். வியாழக்கிழமை வருகிறார். அதுவரை உன் பங்கு ஆசியை உன் அக்கா ஜப்தி செய்து வைத்திருக்கிறாள்.