கம்ப்யூட்டர் அம்மா தீப்பெட்டி

கோவில்பட்டி,
20-5-1985.

சிரஞ்சீவி சோலைமுத்துவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இவ்விடம் நான் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது. பொய் எழுதிப் பழக்கமில்லாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். பம்பாயில் நீ சுகமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெற்ற தாயின் முகத்தைத் தீப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு என்ன குறை.

விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன். கான்வென்ட்டில் சிஸ்டர் எங்களுக்கு அப்படித்தான் எழுதக் கற்றுக்கொடுத்தார். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜாபர் அலி கடையில் வெந்தயமும் நல்ல மிளகும் வாங்கினேன். அவர் பொட்டலத்தின் மேல் ஒரு தீப்பெட்டியை வைத்து, "இதுக்குக் காசு வேண்டாம்மா. உங்க பெட்டிய உங்களுக்கே வித்தேம்னு நாளைக்கு ஊரு பேசும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் பெட்டியின் மேல் நான் இருக்கிறேன். அதே கண்ணாடி, அதே முகம். கீழே கொட்டை எழுத்தில் ‘கம்ப்யூட்டர் அம்மா’. திருப்பினேன். அந்தப் பக்கமும் நான்தான்.

உன்னைக் கணக்கில் எம்.எஸ்ஸி. படிக்க வைத்தேன். பாங்க் ஆபீசராக வருவாய் என்று பார்த்தால் கம்ப்யூட்டர் என்றாய், சரி என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம், குளிர்ந்த அறையில் பீரோ பீரோவாக மெஷின்கள் நிற்கும், பன்னிரண்டாயிரம் பேருடைய சம்பளச் சீட்டை என் மகன்தான் அதில் போடுகிறான் என்று பொறுமையாக விளக்கினேன். அதோடு நீ நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசுக்குப் போய் அந்த மெஷினில் எழுத்துகளையே அடித்து அடித்துப் படம் வரைகிறேன் என்று எழுதினாய். முதலில் ஒரு கோபுரம், பிறகு ஒரு எருமை. உன் மேலதிகாரி கண்டிப்பார் என்று நம்பியிருந்தேன். அவரோ தன் மனைவியின் படத்தையும் போட்டுத் தரச் சொன்னாராம். அந்த ஆபீசில் யாருக்காவது சம்பளச் சீட்டு சரியாக வருகிறதா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

பிறகு என் அறுபதாம் பிறந்த நாளுக்கு, இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளத் தாளில் என்னையே அடித்து அனுப்பினாய். கன்னம் முழுக்க ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து, கண்ணாடிக்கு ‘எக்ஸ்’. வெள்ளைச் சேலை என்பதால் தோளுக்குக் கீழே எழுத்தே இல்லை. பக்கத்தில் போனால் எழுத்து, வாசற்படியில் நின்றால் முகம். பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று முன்னறையில் மாட்டினேன். அதுதான் நான் செய்த தவறு. உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த வேல்சாமி, இப்போது தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவன், பொங்கலுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு உனக்கு எழுதியிருக்கிறான். நீயும் தாராளமாகச் சம்மதம் எழுதியிருக்கிறாய்.

அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "பெரியம்மா, கிளி, மயிலு, மானு, ரயிலு எல்லாத்தையும் மத்தவன் போட்டுட்டான். கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் சிவகாசியிலகூட ஒருத்தன்ட்டயும் கெடையாது" என்கிறான்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?"

"அண்ணாச்சிட்ட கேட்டேன். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாவன்னு எழுதியிருந்தாவ."

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று எந்த அனுபவத்தை வைத்து எழுதினாய்?

அன்று முதல் என்னால் தெருவில் நடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி, "ஏட்டி, இங்கன பாரு, தீப்பெட்டியில இருக்காவள்லா, அந்தம்மா" என்று இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். அந்த இன்னொருத்தி என்னிடம் வந்து, மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கிறான், நம்பர் சொல்லுகிறேன், பாஸா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறாள். பேப்பரில் வரும்போது பார்த்துக்கொள் என்றேன். "பேப்பர்ல எனக்கே பாக்கத் தெரியும். பெறகு எதுக்கு உங்களக் கம்ப்யூட்டருங்காவ?" என்று சண்டைக்கு நிற்கிறாள். மறுநாள் பசுவந்தனையிலிருந்து ஒருவர் நான்கு பெட்டியோடு வாசலில் நின்று, "உங்க குச்சிய உரசினா மருந்துதாம்மா உதிருது, பத்த மாட்டேங்குது" என்றார். என் முகம் இருக்கும் பெட்டி என்பதால் ஆறு குச்சிகளை நானே உரசிப் பார்த்தேன். நான்கு பற்றவில்லை. வேல்சாமிக்குக் கண்டித்து ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன், அவனும் வேறு பெட்டி கொடுத்தான். அதிலிருந்து தினமும் மூன்று பேர் வருகிறார்கள். ஒரு நாள் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்க் குச்சி உரசினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சென்ற வெள்ளிக்கிழமை உன் அத்தை சங்கரம்மாள் வந்து காபி குடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தாள். "மதினி, சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. வெளக்கேத்தப் பெட்டிய எடுத்தா வெறும் நெத்தியோட நீங்கல்லா பாக்கிய. எம்மருமக பெட்டியத் திருப்பி வச்சுக்கிட்டு ஏத்தப் பாக்கா."

"திருப்பினாலும் நான்தானே இருக்கிறேன்."

"அதான் மதினி, எப்படி ஏத்தன்னு தெரியாம நிக்கா."

விதவை முகத்தைப் பார்த்து விளக்கேற்றக் கூடாது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாதுதான். அவள் மட்டும் இல்லை. கடம்பூரில் மூன்று கடைக்காரர்கள் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வேல்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான், லேபிளை நிறுத்திவிடுவான் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அவன் நேற்று ஒரு மாதிரி லேபிளோடு வந்தான். அதில் என் நெற்றியில் சிவப்பு மையில் ஒரு பொட்டு வைத்திருந்தது.

"ஒரே ஒரு பொட்டு, பெரியம்மா. எல்லாம் சரியாப் போயிரும்" என்றான். வைத்துவிட்டுப் போ என்று சொல்லி வெளியே அனுப்பினேன்.

சோலைமுத்து, உன் அப்பா இறந்த பதினாறாம் நாள் இதே சங்கரம்மாள்தான் ஈரத் துணியால் என் நெற்றியைத் துடைத்தாள். அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்றைக்கு நெற்றியில் வைப்பதற்கும் என்னைக் கேட்கவில்லை. துடைக்க ஒருத்தி, வைக்க ஒரு அச்சாபீஸ், நடுவில் என் நெற்றி. பதினொரு வருஷமாக நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். வியாபாரத்துக்காக என்னைச் சுமங்கலியாக்க வேண்டாம்.

ஜூன் மூன்றாம் தேதி சிவகாசியில் புது லேபிளுக்கு அச்சு ஏற்றுகிறார்களாம். படம் வரைந்தவர் வேண்டாம் என்று எழுதினால்தான் நிறுத்துவேன் என்கிறான் வேல்சாமி. என் முகத்துக்கு நான் உரிமைக்காரி இல்லை, நீதான். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, லேபிளை அடியோடு நிறுத்தச் சொல்லி வேல்சாமிக்குத் தந்தி கொடு. சாக்குப்போக்கு எழுதாதே. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குப் போகாதே. வரைந்துதான் ஆக வேண்டும் என்றால் எருமையோடு நிறுத்திக்கொள்.

எண்ணெய் தேய்த்துக் குளி. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும் அளவான யோசனைகளையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ராதாமணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வேல்சாமி விட்டுச் சென்ற லேபிளை வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். பொட்டு புருவங்களுக்கு நடுவில் இல்லை. இடது புருவத்தின் மேல் ஏறி நிற்கிறது. அளவும் ஒரு ரூபாய்க் காசு போல இருக்கிறது. நான் ஒரு நாளும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. தந்தி கொடுக்க வேண்டாம். முன்னறைப் படத்தில் பொட்டு வர வேண்டிய இடத்தை ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு தடவை எண்ணிவிட்டேன். மேலிருந்து இருபத்தேழாம் வரி, இடமிருந்து அறுபத்து நான்காம் எழுத்தும் அறுபத்தைந்தாம் எழுத்தும். அந்த இரண்டு மட்டும் போதும். மெஷினில் சரியாக அடித்து மூன்றாம் தேதிக்குள் அவனுக்குக் கிடைக்கும்படி அனுப்பு. மை பளீரென்ற சிவப்பாக இருக்கக் கூடாது என்றும் எழுது. நான் வைத்துக்கொண்டிருந்தது சாந்து.