பத்து லட்சத்தில் ஒருவர்

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர் அவர். மாணவர்கள் வைத்த பெயர் ‘சராசரி சார்’. வகுப்பில் அவர் வாய் திறந்தால் எதிர்ப்பேச்சு கிடையாது. வீட்டிலோ வாய் திறக்கவே வாய்ப்பு கிடையாது.

அன்று சாயங்காலம் கால்பந்து இறுதிப் போட்டி. டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்த நேரம், ஜன்னலில் பளிச்சென்று ஒரு மின்னல். அதைவிட வேகமாக மனைவி சமையலறையிலிருந்து வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“ஏய், என்ன பண்றே?”

“மின்னுதுல்ல? எதிர்வீட்டு டிவி இப்படித்தான் புகைஞ்சுது.”

“ஒரு டிவி புகைஞ்சா ஊர்ல உள்ள டிவியெல்லாம் புகையுமா?”

“நம்ம டிவியும் ஊர்லதானே இருக்கு?”

சாருக்குப் பொறுமை போயிற்று. வகுப்பறைக் குரலை எடுத்தார்.

“இங்க பாரு. மனுஷன் மேலயே மின்னல் விழற வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர்ல ஒருத்தர் தேறினா பெரிசு. பாத்ரூம்ல வழுக்கி விழறவங்கதான் ஜாஸ்தி!”

“அவ்வளவு கம்மியாவா?”

“கணக்கு பொய் சொல்லாதுடி.”

அவள் வாயடைத்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

“அப்ப ஒண்ணு பண்ணுங்க,” என்றாள். “திரைச்சீலையெல்லாம் துவைச்சு மாடியில போட்டிருக்கேன். மழைக்கு முன்னாடி ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க. நான் அதுக்குள்ள பிளக்கை மாட்டறேன்.”

“இப்பவா? மின்னுதேடி!”

“பத்து லட்சத்துல ஒருத்தர்னீங்க?”

“அது... வீட்டுக்குள்ள இருக்கறவங்களையும் சேத்துச் சொன்னது.”

“மாடிக்குன்னு தனிக் கணக்கா? அப்ப இவ்வளவு நேரம் சொன்னது?”

உயிர் போனாலும் கணக்கின் மானம் போகக் கூடாது. சார் படியேறினார்.

மாடியில் பேய்க்காற்று. ஒரு திரையை உருவினால் இன்னொன்று முகத்தில் அறைந்தது. மூன்றாவது தலையோடு கால் சுற்றிக்கொண்டது. ‘அந்த ஒருத்தர் நான்தானோ?’ என்று நினைத்து முடிப்பதற்குள் வானமே பிளந்ததுபோல் இடி. சார் திரையோடு திரையாகக் குந்திவிட்டார். எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, “ஐயையோ, பேய்!” என்று அலறினாள்.

“நான்தாம்மா!” என்று திரைக்குள்ளிருந்து இவர் அலறினார்.

“பேய் பேசுது!” என்று ஜன்னல் சாத்திக்கொண்டது.

கொட்டுகிற மழையில் மூட்டையோடு இறங்கி வந்தார். அவர் நனைந்திருந்தார். வயிற்றோடு அணைத்துக் குனிந்து வந்ததில் திரைகள் அவ்வளவாக நனையவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ சீரியல் மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

“மேட்ச்சைப் போடு!”

“மேட்ச் ஏதுங்க? அங்கயும் இடி மழையாம். நாளைக்குத் தள்ளி வெச்சுட்டாங்க. என் தங்கச்சி அந்த ஊர்லதானே இருக்கா, போன்ல சொன்னா.”

“எப்ப சொன்னா?”

“நான் பிளக்கைப் பிடுங்கறதுக்குச் சித்த முன்னாடி.”

“அதை அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

அவள் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தபடியே சொன்னாள்: “சொல்லியிருந்தா நீங்க மாடிக்குப் போயிருப்பீங்களா?”