மெட்டி போட்ட என் கால்

இரத்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் திவாகரனுக்கு,

மாரியம்மா புண்ணியத்தில் நானும் உன் அக்கா தங்கம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்கள் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன சனிக்கிழமையோடு உன் அக்கா சீனி வருத்தத்துக்கு, அதான் சர்க்கரை வியாதிக்குப் போடும் குளிசை மாத்திரையை நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. சந்தைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் பாத மாஸ்டர் அவள் உள்ளங்காலை அமுக்கிப் பார்த்து, "சீனியெல்லாம் இல்லம்மா, வெறும் குடல் சூடுதான்" என்றாராம். கிளினிக்கில் பத்து வருஷமாகச் சொன்னது பொய், இவர் பத்து நிமிஷத்தில் சொன்னது மெய். அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தலைசுற்றிக் குடத்தோடு சாய்ந்தாள் மச்சான். கெஞ்சினேன், ஏசினேன், அசையவில்லை. கடைசியில், "திரைக்குப் பின்னாலிருந்து காலை மட்டும் நீட்டுவோம். யார் கால், என்ன வருத்தம்னு மாஸ்டர் சரியாச் சொன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன், தப்பாச் சொன்னா நீ குளிசை போடணும்" என்றேன். அவளும் சம்மதித்தாள், மாஸ்டரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சம்மதித்தார்.

ஆனால் மெட்டியைப் பார்த்தே இன்னார் கால் என்று கண்டுபிடித்துவிடுவாரே! கழற்றச் சொன்னேன். "நீங்க இருக்கையிலயே கழட்டச் சொல்றீங்களா?" என்று ஒரே அழுகை. அப்பதான் எனக்குப் புத்தி வேலை செஞ்சுது. யாரோ பொம்பளைக் கால்னு மாஸ்டர் நினைக்கட்டும்னு, மருமக நிரோஷாவோட புது மெட்டிய வாங்கி என் விரல்ல திருகி, கால்ல மஞ்சளையும் பூசிக்கிட்டுத் திரைக்குப் பின்னால நானே உக்காந்துட்டேன். உன் அக்கா பக்கத்துல மூச்சடக்கி நிக்கிறா. மாஸ்டர் அமுக்குறாரு, அமுக்குறாரு, அமுக்கிக்கிட்டே இருக்காரு. 'ஆம்பளைக் கால்'னு சொல்லிட்டா அவ உசிரு போச்சேன்னு எனக்கு வேர்த்துக் கொட்டுது. கடைசியில, "சீனி கீனி ஒண்ணுமில்லம்மா. கர்ப்பப்பைதான் கொஞ்சம் எறங்கியிருக்கு" அப்படின்னாரு.

திரையை விலக்கி மீசையைக் காட்டினேன். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த சந்தைச் சனமெல்லாம் சிரிச்சுது, உன் அக்கா சிரிக்கல. வீட்டுக்கு வந்து பேசாம குளிசைய விழுங்கினா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு மச்சான். ஆனா மெட்டி போட்ட மனுசனோட பேச்சு இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை வந்து நீதான் சமாதானம் பண்ணி வைக்கணும். இடது காலில் ஒரு மெட்டி இன்னும் கழலவில்லை, நாளைக்கு ஆஸ்பத்திரியில் வெட்டணும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அனைவரும் டாக்டர் பேச்சைக் கேட்டு நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்
அழகமுத்து

பி.கு.: இன்று புதன். மெட்டியை வெட்டிட்டாங்க. அது சதைக்குள்ள எறங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. "இவ்வளவு புண்ணு, நோகலையா ஐயா?"ன்னு நர்ஸ் கேட்டாங்க. நோகலைன்னேன். உடனே விரலைக் குத்தி ரத்தம் பார்த்தாங்க. சீனி முன்னூத்திப் பத்து. குடுத்த குளிசை சட்டைப் பையிலதான் இருக்கு, இன்னும் போடல. யட்டவத்தயில உள்ளங்கைய அமுக்கியே எல்லாம் சொல்ற ஒருத்தர் இருக்காராம். ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் ஒருக்கா போய்க் கேட்டுட்டு வருவோம். அக்காகிட்ட மூச்சு விட்டுடாத.