குடும்பப் படத்தில் மாப்பிள்ளை

“ஃபுல் ஃபேமிலியாம்! ஃபுல் ஃபேமிலி!” டேப்லெட்டை சோபாவில் எறியாத குறையாக வைத்தான் ஹரிஷ்குமார்.

சந்தாபுராவில் மாமனார் கட்டிய வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிருகப்பிரவேசம். ஹாலில் மாட்ட ஒரு பெரிய குடும்பப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் மாமனார், மாமியார், மனைவி சஹானா, மச்சான் ரோஹன் எல்லோரும் இருந்தார்கள். ரோஹனின் நாய்கூட இருந்தது. ஒரே மாப்பிள்ளை மட்டும் இல்லை.

“நீங்கதானே எடுத்தீங்க?” என்றாள் சஹானா.

“எப்பவும் நான்தானே எடுக்கறேன்! கேமராவ என் கையில குடுத்துட்டு, ‘எல்லாரும் வந்தாச்சா’ன்னு கேக்கறாரு உங்கப்பா. ‘வந்தாச்சு’ன்னு நீயும் தலையாட்டற!”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து அதத்தானே பண்றேன்? நாய்க்கு இருக்கற மரியாதை எனக்கில்ல. அந்தச் சுவத்துல நானும் இருப்பேன், பாத்துக்கோ!”

தன் கல்யாண ரிசப்ஷன் படத்தைத் தேடி எடுத்தான். கோட்டு, டை, தலை நிறைய முடி. தன்னை மட்டும் வெட்டிக் குடும்பப் படத்தில் ஒட்ட, விரலால் சுற்றிக் கோடு இழுத்து செலக்ட் செய்தான். கோட்டு வந்தது, இடது காது வரவில்லை. காதை இழுத்தால் பக்கத்தில் நின்ற சஹானாவின் மல்லிகைப்பூவும் சேர்ந்து வந்தது.

பூவை மறைக்க லேயர் மாஸ்க்கைத் திறந்தான். கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், அவ்வளவுதான் வித்தை. கோபத்தில் மாஸ்க் மாறிப் பூசியதில் மாமனாரின் தலை காணாமல் போனது.

“அய்யய்யோ, அப்பா!”

“கத்தாத. வெள்ளைய பூசினா வந்துடுவாரு. அவர அவ்வளவு சுலபமா அனுப்ப முடியுமா?”

மாமனார் வந்தார். ஆனால் ஹரிஷ்குமார் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தான். ஓரத்தை மென்மையாக்கினான். தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோஹனின் முகம் மறைகிறதே என்று தன்னை மேலே தூக்கினான். ரிசப்ஷன் படம் இடுப்போடு முடிந்துவிட்டதால் கீழே ஒன்றுமில்லை. கீழ்ப்பாதியைப் பெரிய பிரஷ்ஷால் மெல்லக் கரைத்தான். முகம் பளிச்சென்று தனியாகத் தெரிந்ததால் லேயரைக் கொஞ்சம் மங்கலாக்கினான். பின்னாலிருந்த ஜன்னல் திரை கோட்டு வழியாகத் தெரிந்தது.

“ஏங்க, என்னமோ மாதிரி இருக்கே...”

“என்ன மாதிரி? நான் உங்க குடும்பத்துல நின்னா உனக்கே பொறுக்கலியா?” என்று சீறிவிட்டு, படத்தை ஒக்கலிபுரம் ஃப்ரேம் கடைக்கு அனுப்பினான்.

ஞாயிறு காலை பால் பொங்கியது. ஹாலில் படம் ஏறியது. மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

“அடடே, மாப்பிள்ளையும் வந்துட்டீங்களே!”

அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. டிபன்கூடச் சாப்பிடாமல் படத்துக்குக் கீழேயே நின்றான். வந்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டுமே!

பக்கத்து வீட்டு வள்ளியம்மா அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தார். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பூத்தட்டிலிருந்து ஒரு கிள்ளு மல்லிகை எடுத்து, ஹரிஷ்குமாரின் முகத்துக்கு மேலே ஃப்ரேமில் செருகிக் கைகூப்பினார். பிறகு கீழே நின்றவனிடம் திரும்பினார்.

“எங்க மாமனாரையும் அவரு தவறினப்புறம் இப்படித்தான் படத்துல சேத்தோம். பாவம், இவரு இவ்ளோ சின்ன வயசுல போயிட்டாரே... ஜாடை அப்படியே இருக்கு, நீங்க அவருக்கு அண்ணனா?”