கொயில் அண்ணையும் நெய்த்திரியும்

கனடாவில கடையில விக்கிற எந்தச் சாமானையும் நம்பாத ஒரே தமிழன் எங்கட கொயில் அண்ணைதான். மற்றாக்கள் உடைஞ்சதைத்தான் திருத்துவினம். அண்ணை புதுசை வாங்கி, பெட்டியோடயே திருத்த வெளிக்கிட்டிடுவார்.

மிசிசாகாவில ஒரு வெயார்ஹவுஸில என்னோட வேலை செய்தவர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில மட்டும்தான் இருந்தது. சிகரெட்டுக்குப் பதிலா ஊதிற பற்றரி வேப்புக்குள்ள சூடாகிப் புகை தாற கம்பிச் சுருளைத்தான் கொயில் எண்டிறது. நாங்கள் கடையில வாங்கிப் போடுவம். அண்ணை லஞ்ச் ரூமில இருந்து, ஸ்க்ரூட்ரைவரில கம்பியைச் சுத்தி, நடுவில பஞ்சு நுழைச்சு, கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி போட்டுப் பாப்பார். அரை மணித்தியாலப் பிரேக்கில இருபத்தெட்டு நிமிசம் சுத்துறது. மிச்சம் ஊதுறது.

"உது ஆருக்கோ சுத்தினது காணும். உம்மட மூச்சு அவனுக்குத் தெரியுமோ?" எண்டு என்ர கொயிலைக் காட்டிக் கேப்பார். என்ர மூச்சு எனக்கே படி ஏறினாத்தான் தெரியும்.

நான் அப்ப சிகரெட்டை விட்டு நாப்பது நாள். இனி ஒண்டு பத்தினா பேஸ்மென்ற்தான் உங்கட வீடு எண்டு மனுசி சொல்லியிருந்தா. வாடகைக்கு இருந்த பெடியனும் எழும்பிப் போய், அறை வெறுமையாத்தான் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை, வெளியில முழங்காலளவு ஸ்னோ. மனுசி பக்கத்து வீட்டை போயிருந்தா. கடைசிக் கொயிலும் கருகிப்போச்சு. ரெண்டு தெரு தள்ளியிருந்த அண்ணைக்கு ஃபோன் அடிச்சு, "ஜாக்கெற்றுக்குள்ள ஒரு பழைய சிகரெட் பெட்டி கிடக்கண்ணை, கை அங்கதான் போகுது" எண்டன்.

பத்து நிமிசத்தில கம்பியோட வந்து நிண்டார். ஆனா பஞ்சைக் கொண்டுவர மறந்திட்டார். வீடு முழுக்கத் தேடி, சாமியறையில விளக்குத்திரிப் பக்கெற்றைக் கண்டுபிடிச்சார். உதுவும் பஞ்சுதானே காணும் எண்டிட்டுச் சுத்தத் தொடங்கினார்.

அது நெய்யில தோய்ச்சு விக்கிற திரி எண்டது, நான் ஒரு இழுவை இழுத்தாப் பிறகுதான் தெரிஞ்சது. எனக்கு இருமல். அண்ணை தானும் இழுத்துப் பாத்தார், அவருக்கும் இருமல். ஸ்மோக் அலாரம் எங்களுக்கு மேலால கத்துது. கதவைத் திறந்து வந்த மனுசி மூக்கைச் சுழிச்சு, "ஆர் இஞ்ச பூசை செய்தது?" எண்டா.

அண்ணைக்கு வந்த கோவம் திரியில. "திரியைக்கூட றெடிமேட்டாவோ பிள்ளை வாங்கிறது? வீட்டில உருட்டியிருந்தா உப்பிடி வருமோ?"

மனுசிக்குச் சந்தேகம். நேர என்ர ஜாக்கெற் தொங்கிற இடத்துக்குப் போனா. அண்ணை முந்திக்கொண்டு அதை எடுத்துப் போட்டு, "நேரமாச்சு, வாறன்" எண்டு வெளிக்கிட்டார். ஆள் கட்டை, ஜாக்கெற் முழங்காலைத் தாண்டித் தொங்கினது. அவற்ற சொந்த ஜாக்கெற் கதிரையிலயே கிடந்தது.

திங்கட்கிழமை வேலையில என்ர ஜாக்கெற்றைத் தந்தார். பொக்கெற்றில சிகரெட் பெட்டி இல்லை. அந்த இடத்தில, நல்ல பஞ்சு போட்ட ஒரு கொயில். 

அண்ணை இப்ப ஸ்ரௌவ்வில் எண்ட ஊரில வீடு வாங்கி, புது வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நான் வேப்பையும் விட்டிட்டன். அந்தக் கொயில் மட்டும் மேசை லாச்சியில கிடக்குது. கொஞ்சம் கோணல்தான். எண்டாலும் என்ர மூச்சு தெரிஞ்ச மனுசன் சுத்தினது.