ஞாயிற்றுக்கிழமைத் தராசு

தராசு பொய் சொல்லாது. நவநீத் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே தத்துவம் இதுதான். அதைச் சொல்ல அவனுக்கு உரிமையும் உண்டு. பீளமேட்டில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக சர்வீஸ் இன்ஜினியர். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கடைகளின் தராசு அவன் கை பட்டுத்தான் யோக்கியமாக இருந்தது. சொந்த வீட்டுத் தராசைத்தான் அவன் கெடுத்து வைத்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. மனைவி ஷ்ரவ்யாவுக்கு பிசிஓஎஸ். அது வந்தவர்களுக்குத்தான் தெரியும். மாதவிலக்கு இஷ்டப்பட்டால் வரும், இல்லாவிட்டால் மூன்று மாதம் லீவு போடும். அடுத்த வீட்டில் யாராவது ஜிலேபி சாப்பிட்டால் இங்கே இடுப்பு ஏறும். அஞ்சு கிலோ குறைத்தால் கரு தங்க வழி பிறக்கும் என்றார் டாக்டரம்மா. கையோடு, வீட்டுக்காரரும் ஒரு டெஸ்ட் கொடுத்துவிடட்டும் என்று அவனுக்கும் ஒரு சீட்டு எழுதினார்.

ஷ்ரவ்யா ஏழு ரத்தப் பரிசோதனையும் மூன்று ஸ்கேனும் முடித்துவிட்டாள். நவநீத்தின் சீட்டு மட்டும் பத்து மாதமாக பர்ஸிலேயே குடியிருந்தது. கேட்டால் ஆடிட். கேட்டால் வெளியூர் வேலை. ஒருமுறை சளி என்றான். அந்த டெஸ்டுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டதற்கு, "எனக்கென்ன அம்மணி, மலையாட்ட இருக்கறேன்" என்றான்.

மலைதான். எண்பத்து நாலு கிலோ.

உண்மையில் அவனுக்குப் பயம். அந்தக் காகிதத்தில் என்ன வருமோ, வந்தால் அம்மா ராமாமணியிடம் என்ன சொல்வது என்ற பயம். வாரா வாரம் ஊரிலிருந்து போன் போட்டு "விசேஷம் ஏதாவது உண்டா கண்ணு" என்று மருமகளைத்தான் கேட்பாள் ராமாமணி. மகனிடம் மழை பெய்ததா என்று கேட்பாள்.

ஒருநாள் ஷ்ரவ்யா நெருக்கிப் பிடித்தபோது நவநீத் பெரிய மனது பண்ணி வாக்குக் கொடுத்தான்.

"நீ அஞ்சு கிலோ குறைச்சுக் காட்டு. அடுத்த நாளே நான் டெஸ்டுக்கு வாரேன்."

"சத்தியமாங்க?"

"சத்தியமா."

அஞ்சு கிலோ என்பது அவளுக்கு அஞ்சு வருடம் என்று அவன் போட்ட கணக்கு. கம்பெனியிலிருந்து ஒரு மேடைத் தராசையும் கொண்டுவந்து ஹாலில் வைத்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடை.

ஷ்ரவ்யா விடியலில் சிங்காநல்லூர்க் குளக்கரைவரை நடந்தாள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்களே, அந்த வீட்டில் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல். குதிரை பார்த்தால் பொறாமைப்படும். நவநீத்தும் வீட்டில் அதையே சாப்பிட்டுவிட்டு, ஆபீஸ் போகிற வழியில் பேக்கரியில் தேங்காய் பன்னும் பப்ஸும் சாப்பிட்டு மனதைத் தேற்றிக்கொண்டான்.

எழுபத்தெட்டில் ஆரம்பித்தாள். ஐந்து வாரத்தில் குறைந்தது நானூறு கிராம்.

ஆறாவது ஞாயிறு, தராசில் ஏறினாள். பார்த்தாள். இறங்கினாள். காலால் தராசைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். அதே எண். கம்மலைக் கழற்றி டீப்பாயில் வைத்துவிட்டு மூன்றாவது தரம் ஏறினாள். அழவில்லை. அழுதிருந்தால் நவநீத் தாங்கியிருப்பான். அந்தக் கம்மல்தான் அவனைக் கொன்றுவிட்டது.

அன்று மதியம் அவள் தூங்கும்போது தராசின் அடிமூடியைத் திறந்தான். கால்மணி நேர வேலை. அடுத்த ஞாயிறு தராசு முக்கால் கிலோ குறைத்துச் சொன்னது. ஷ்ரவ்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோசை சுட்டாள். அவனுக்கு மட்டும் நெய் விட்டாள். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் திருகினான். வாரா வாரம் திருகினான். அவளும் வாரா வாரம் இன்னும் தூரம் நடந்தாள்.

இதில் அதிசயம் ஒன்று உண்டு. தராசைக் கெடுத்தவனே அவன்தான். ஆனால் அதே தராசு அவனை எண்பத்து நாலரை என்று சொன்னபோது, பரவாயில்லை, அதிகம் ஏறவில்லை என்று நம்பிவிட்டு இரண்டாவது பப்ஸ் வாங்கினான்.

இன்னொன்றையும் மறந்திருந்தான். அது பதினாலாவது ஞாயிறு நினைவுக்கு வந்தது.

"எழுபத்து ரெண்டு தொள்ளாயிரம்," என்று வாசித்தாள் ஷ்ரவ்யா. "அஞ்சு கிலோவுக்கு மேலயே ஆச்சுங்க."

"சபாஷ்" என்றான்.

"நாளைக்கு லீவு சொல்லிப்போடுங்க. எட்டரைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்."

நவநீத்துக்குத் தன் சத்தியம் ஞாபகம் வந்தது. தராசு பொய் என்று சொன்னால் டெஸ்டிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் அந்த முகம் மறுபடி கம்மலைக் கழற்றும். வாயைத் திறந்தான். ஒருமுறை அவளைப் பார்த்தான். "சரிங்க அம்மணி" என்று மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல் அது. அதைப் பார்க்க யாரும் இல்லை என்று அவன் நினைத்தது வேறு விஷயம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மூடி போட்ட சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து ஒரு அறையைக் காட்டினார்கள். அங்கே அவன் பட்ட பாட்டை விட்டுவிடுவோம். வெளியே வந்தவன் ஷ்ரவ்யாவைத் தவிர உலகத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "அவ்வளவுதானுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் ரிப்போர்ட் வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார். அதற்கு முன் எடை என்று ஷ்ரவ்யாவை மேடையில் ஏற்றினாள் நர்ஸ். நவநீத் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"எழுபத்தஞ்சு நூறு" என்றாள் நர்ஸ்.

கண்ணைத் திறந்தால் ஷ்ரவ்யா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு... ஒண்ணும் தோணலியா?"

"தோணறதுக்கு என்னங்க இருக்குது? போன வெள்ளிக்கிழமை ஆசிப் அண்ணன் கடையிலயும் இதேதான் காட்டுச்சு."

ஆசிப் அரிசிக் கடைக்காரர். ஒரு மாதம் முன் இருபத்தஞ்சு கிலோ மூட்டையை ஷ்ரவ்யா வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தாளாம். அரைக் கிலோ குறைந்ததாம். மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கடை வாசலில் நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டாளாம். ஆசிப் பேசாமல் மூட்டையைத் தன் தராசில் வைத்தாராம். சுளையாக இருபத்தஞ்சு. "இது உங்க வீட்டுக்காரர் சரிபார்த்த தராசுங்க அக்கா, பொய் சொல்லாது" என்றாராம்.

"அப்பவே கேட்டிருக்கலாமே" என்றான் நவநீத்.

"வந்த கோவத்துக்குக் கேட்டுத்தான் இருப்பேன். அப்புறம் எனக்காகத்தானே செஞ்சீங்கன்னு நெனச்சேன். பொய்யின்னு தெரிஞ்சும் ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சுங்க." முந்தானையைச் சரிசெய்தாள். "அதுக்கப்புறம் உங்க சத்தியம் ஞாபகம் வந்துச்சு. சரி, திருகட்டும்னு உட்டுப்போட்டேன்."

அவனையும் எடை மேடையில் ஏற்றினாள் நர்ஸ். எண்பத்தேழு.

டாக்டரம்மா ஷ்ரவ்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று கிலோ போலக் குறைந்ததற்கே ரெண்டு மாதமாகத் தேதி தவறவில்லை. இப்படியே போனால் நம்பிக்கை இருக்கிறது என்றார். பிறகு நவநீத் பக்கம் திரும்பினார். உயிரணு எண்ணிக்கை கொஞ்சம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதத்தில் அஞ்சு கிலோ குறைத்துவிட்டு மறுபடி டெஸ்ட் என்றார். பேக்கரி கூடாது என்றும் சொன்னார். பேக்கரி பற்றி யார் சொன்னது என்று நவநீத் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ராமாமணிக்கு அவனே போன் போட்டான். விசேஷத்தைப் பற்றி இனி என்னையும் கேளும்மா என்றான். ராமாமணி மழை பெய்ததா என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி. ஆசிப்பின் அரிசிக் கடை. பொன்னி மூட்டைக்கும் இட்லி அரிசி மூட்டைக்கும் நடுவே, கொள்ளு ரசம் மணக்கும் வாயோடு நவநீத் தராசில் ஏறினான். ஷ்ரவ்யா கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

"அண்ணா, இவர ரெண்டு கையையும் மேல தூக்கிக்கச் சொல்லுங்க," என்றாள். "இவரு தொட்டாப் போதும், தராசுக்கு இரக்கம் வந்துருது."